குருமண்வெளிப் பாதைக்கு எந்த லென்ஸ்?

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். ஏ.எல். முடித்துவிட்டுக் கடையொன்றில் வேலை செய்கிறவன். எங்கட போட்டோ வோக் இரண்டுக்கு வெறும் போனோடு வந்து, கமராக்காரர் எங்களை விட நல்ல படங்களோடு வீட்டுக்குப் போனவன். "அண்ணே, சீட்டு விழுந்திருக்கு. ரெண்டு லட்சம் மட்டில கையில இருக்கு. மிச்சத்தத் தவணைக்குப் போடலாம் எண்டு கடையில சொல்றாங்க. பொடி ஒண்டு, 18-55, 50, 70-300, ஃபிளாஷ், ட்ரைபொட், பேக். இந்த செட் சரியா?"

பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. யூடியூபில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். 2018 இல் நான் வாங்கினதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். அதனால்தான் 'ஓம், வாங்கு' எண்டு பதில் போட மனம் வரவில்லை. அவனுக்குத் தட்டத் தொடங்கின பதில் நீண்டுகொண்டே போனது. மாசத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோடு வருகிறதால், அதைக் கொஞ்சம் திருத்தி இங்கே போடுகிறேன்.

என்ட கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வாவிக்கரையில் இருந்துகொண்டு, தொழிலுக்கில்லாமல் ஆசைக்குப் படம் எடுக்கிற ஒருத்தருக்கு ஒரு சின்னப் பொடியும் ஜூம் இல்லாத ஒரு லென்ஸும் போதும். இரண்டாவது லென்ஸைப் பற்றி ஒரு வருசம் கழித்து யோசிக்கலாம். 70-300 ஐ வாங்கவே வேண்டாம். இந்தக் கடைசி வசனத்துக்குத்தான் சண்டைக்கு வருவீங்கள் எண்டு தெரியும். அதற்குக் கீழே வருகிறேன்.

முதல் என்ட பையின் கதை. எல்லாம் போட்டால் நாலு கிலோவுக்குக் கிட்ட வரும். மோட்டார் சைக்கிளில் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறாவூர் மட்டும் போய்வந்தாலே தோள் விறைத்துவிடும். ஆகவே பை அலுமாரிக்குப் போனது. அது வெளியே வருவது 'படம் எடுக்கிற நாட்களில்' மட்டும்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், பாசிக்குடா ட்ரிப், வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்தால் கல்லடிக் கடற்கரை. வருசத்தில் மிச்ச 340 நாளும் என்னிடம் கமரா இல்லை எண்டுதான் கணக்கு.

2021 இல் அம்மம்மா தவறிப்போனா. கொவிட் நேரம், செத்தவீட்டுக்கு வாற ஆட்களுக்கே கணக்கு இருந்தது. பனர் அடிக்க ஒரு படம் வேணும் எண்டு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து தேடினேன். கல்லடிப் பாலத்தில் பொழுது படுகிற படம் மட்டும் ஆயிரத்து நானூறு இருந்தது. அம்மம்மா இருக்கிற படம் பதினொண்டு. பதினொண்டும் ஆரோ ஒருத்தரின்ட கலியாண வீட்டில் வரிசையில் நிக்கிற படம், ஃபிளாஷ் பட்டு வெளுத்த முகம். அவ அடுப்படியில் மீன் வெட்டுகிற படம் ஒண்டு இல்லை, வாசலில் குந்தியிருந்து வெத்திலை இடிக்கிற படம் ஒண்டு இல்லை. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத்தான் பனர் அடித்தோம். நாலு கிலோ கமரா சாமான் இருக்கிற வீட்டில் நடந்தது இது.

அடையாள அட்டைப் படத்தோடு முடிந்துபோன முகங்கள் எங்கட பக்கம் நிறைய. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கடல் வீடுகளைக் கொண்டுபோனபோது அல்பங்களும் சேர்ந்து போயின. அதற்கு முந்தின இடம்பெயர்வுகளில் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் எத்தனை பேர்? பொழுது படுகிறதை எடுக்கக் கூடாது எண்டு நான் சொல்லவில்லை. அது நாளைக்கும் படும். ஆனால் நான் கமரா வாங்கினதுக்கு என்ன காரணமோ, அந்தக் காரணத்துக்கு என்ட பை உதவவில்லை. வாங்கப் போகிற சாமானுக்கு நான் வைக்கிற முதல் சோதனை அதுதான்: அது பைக்குள்ளே போகாமல் மேசையில், தொப்பிக்குப் பக்கத்தில் கிடக்குமா?

*

இனி 50 மி.மீ. பற்றி. எங்கட பெடியள் எல்லாரும் முதல் வாங்குகிற லென்ஸ் இது. விலை குறைவு, பின்னணி நல்லா மங்கும், ஃபேஸ்புக்கில் லைக் விழும். 'கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்க்கை முழுக்க 50 தான் பாவிச்சவர்' எண்டு ஆராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், பெரும்பாலும் அவர் 50 மி.மீ. தான் பாவித்தார். ஆனால் அவருடைய லைக்காவில் இருந்தது 36 மி.மீ. அகலமான ஃபிலிம். நாங்கள் வாங்குகிற விலைக்குக் கிடைக்கிற பொடிகளில் சென்சரின் அகலம் 22 அல்லது 23 மி.மீ. சொச்சம். கெனன் க்ரொப் பொடியில் அந்த 50 ஐ மாட்டினால் அது 80 மி.மீ. லென்ஸ் மாதிரித்தான் பார்க்கும்.

இது எண்ணிக்கை விளையாட்டு இல்லை. அம்மம்மாவின் அடுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் முதுகு முட்டுகிற வரைக்கும் பின்னால் போனால் எனக்கும் அவவுக்கும் இடையில் இரண்டரை மீற்றர் இருக்கும். கெனன் க்ரொப் பொடியில் 50 போட்டால் அந்தத் தூரத்தில் படத்துக்குள் வருவது 1.1 மீற்றர் அகலம். ஒரு முகமும் இரண்டு தோளும். அடுப்பு இல்லை, உறியில்லை, அருவாமணை இல்லை. அதே இடத்தில் நின்று 24 மி.மீ. போட்டால் 2.3 மீற்றர் வரும். ஆளும் வருவா, அவவைச் சுற்றியிருக்கிற உலகமும் வரும். நான் மூன்று வருசம் 50 ஐ வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே படமெடுக்கத் தெரியாத ஆள் எண்டு என்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை சுவரில் இருந்தது.

ஆகவே க்ரொப் பொடிக்கு ஒரே ஒரு லென்ஸ் எண்டால் 23 க்கும் 35 க்கும் இடையில் ஏதாவது ஒண்டு. எனக்குத் தெரிந்து நல்லா வேலை செய்கிற மூன்று சோடி சொல்லுகிறேன், எல்லாமே பழைய சாமான்தான். கெனன் 200டி பொடியோடு 24 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸ். நிகொன் டி3500 ஓடு 35 மி.மீ. எஃப் 1.8. சொனி ஏ6000 ஓடு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4. மூன்று சோடியையும் தராசில் வைத்தால் ஆளுக்கு 600 கிராம் மட்டில்தான் வரும். மூன்று பொடியும் 24 மெகாபிக்சல். ஏ6000 2014 இல் வந்தது, மற்ற இரண்டும் 2017, 2018. சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட இதில் எதுவும் குறைவில்லை.

மூன்றில் கெனன் 24 க்கு ஒரு குறை இருக்கிறது. எஃப் 2.8 எண்டபடியால் இருட்டில் கிட் லென்ஸை விடப் பெரிதாக ஒண்டும் தராது. அதன் பலம் பருமனில்தான், வெறும் 125 கிராம், ஒரு பிஸ்கட்டைப் பொடியில் ஒட்டின மாதிரி இருக்கும். நிகொன் 35 வேறு மாதிரி. கிட் லென்ஸை 35 க்குத் திருப்பினால் எஃப் 4.5 மட்டில்தான் திறக்கும். 1.8 அதை விட ஆறு மடங்கு வெளிச்சம் விடும். கிட் லென்ஸில் செக்கனின் 15 இல் ஒரு பங்கு எண்டு கை ஆடிப் பழுதாகிற படம், இதில் 90 இல் ஒரு பங்காக வரும்.

ஆறு மடங்கு எண்டால் என்ன எண்டு தெரிய வேண்டுமெண்டால் ஒரு கூத்துக்குப் போங்க. வட்டக்களரியைச் சுற்றிச் சனம், நடுவில் இரண்டு மூன்று பல்ப், விடிய விடிய ஆட்டம். ஃபிளாஷ் அடித்தால் வடமோடி ராசா கண்ணைச் சுருக்குவார், மத்தளத்தோடு நிக்கிற அண்ணாவியார் உங்களைப் பார்க்கிற பார்வையில் நீங்களே கமராவைப் பைக்குள் வைப்பீங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தியும் அப்படித்தான். அங்கே வண்ணக்கரிடம் முதல் கேட்க வேணும், விட்டால் ஒரு ஓரத்தில் சத்தமில்லாமல் நிக்க வேணும். சின்னக் கமரா, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200. கோயிலுக்கு வந்த சனத்தில் ஒருத்தராக நிக்கலாம். 70-200 மாட்டிக்கொண்டு போனவரைச் சுற்றி எப்போதும் ஒரு வெற்றிடம் இருக்கும், பத்திரிகைக்காரன் எண்டு வழி விடுவார்கள். அந்த வழியில்தான் படம் தொலையும்.

இன்னும் அகலமாக எடுக்க வேண்டி வந்தால்? உங்கட போன் இருக்கிறது. இப்போதைய போன்களின் முதன்மைக் கமரா பழைய ஃபிலிம் கணக்கில் 24, 26 மி.மீ. அளவுதான். அதாவது உங்களிடம் ஏற்கெனவே ஒரு வைட் லென்ஸ் சட்டைப் பையில் கிடக்கிறது. அதைத் திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 18-55 க்குச் சொல்லப்படுகிற பெரிய நியாயம் அதன் 18 பக்கம்தான், அந்த நியாயத்தை போன் எப்போதோ சாப்பிட்டுவிட்டது.

*

இந்த இடத்தில் தலைப்புக்கு வருகிறேன். வெளியூர்க்காரருக்கு: பாதை எண்டால் இங்கே ரோட் இல்லை. வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்குப் பெயர் பாதை. எழுவான்கரையில் குருமண்வெளியில் ஏறினால் படுவான்கரையில் மண்டூரில் இறங்கலாம். சூரியன் எழுகிற கரை, படுகிற கரை எண்டு ஊருக்கே வெளிச்சத்தை வைத்துப் பெயர் வைத்த சனம் நாங்கள். போட்டோகிராஃபருக்கு இதை விட ஒரு ஊர் வேணுமா?

என்ட லென்ஸ் எல்லாவற்றையும் நான் பரீட்சித்துப் பார்த்தது அந்தப் பாதையில்தான், திட்டமிட்டு இல்லை. வெள்ளாப்பில் ஏறினால் படிப்பிக்கப் போகிற ரீச்சர்மார், மண்டூர்க் கோயிலுக்கு நேர்த்தியோடு போகிற குடும்பம், சாக்குக் கட்டின சைக்கிள். எல்லாரும் எல்லாருக்கும் ஒரு கை தூரத்தில். 70-300 ஐ எடுத்தால் முன்னுக்கு நிக்கிறவரின் மூக்குத்தான் தெரியும். 50 ஐப் போட்டால் ஒரு ஆள். 30 ஐப் போட்டால் ரீச்சரின் குடையும், அதற்குப் பின்னால் தண்ணியும், தண்ணிக்கு அந்தப் பக்கம் கரையும் சேர்ந்து ஒரு படமாக நிக்கும். லென்ஸ் மாற்றுகிற வேலை அங்கே இல்லை. பாதை ஆடும், பொடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிண்டால் சென்சரும் உங்கட மனமும் தண்ணிக்குள் போய்விடும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். அதற்கு முதல் அங்கேயும் பாதைதான். பள்ளிக்கூடக் காலத்தில் கொக்கட்டிச்சோலைக்குப் போக எத்தனையோ தரம் அதில் ஏறியிருக்கிறேன். என்னிடம் அதன் படம் ஒண்டு கூட இல்லை. குருமண்வெளிக்கும் ஒரு நாள் பாலம் வரும். வரத்தான் வேணும், நோயாளியை ஏற்றிக்கொண்டு பாதைக்குக் காத்திருக்கிற ஆளுக்கு இது அழகான காட்சி இல்லை. வரும்போது என்ட ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தரம் கொஞ்சமாவது இருக்கும்.

'லென்ஸ் ஒண்டுதான் எண்டால் காலால ஜூம் பண்ணு' எண்டு ஒரு பழமொழி சுற்றுகிறது. அது அரைப் பொய். வாவியில் காலால் ஜூம் பண்ணினால் இடுப்பு மட்டும் சேறு. ஒரு லென்ஸோடு போனால் சில படங்கள் தவறும், அதை ஒத்துக்கொண்டுதான் போக வேணும். எனக்கும் தவறியிருக்கிறது. ஆனால் தவறின படங்கள் என்னென்ன எண்டு இப்போது யோசித்தால் நினைவுக்கு வருவது இரண்டோ மூன்றோதான். பை அலுமாரிக்குள் இருந்ததால் தவறினவைக்குக் கணக்கே இல்லை.

இடையில் ஒரு வீட்டுச் செய்தி. எங்கட காற்றுக்கு லென்ஸ் பெருக்குவது ஆபத்து. கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்கும், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி. என்ட 70-300 அப்படித்தான் போனது. பாவிக்கிற லென்ஸுக்கு வெளிச்சமும் காற்றும் படும், அது தப்பும். அரிசிப் பேணிக்குள் புதைக்காதீங்க, தவிட்டுத் தூசு போகும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பத மீற்றர். 40 க்கும் 50 க்கும் இடையில் முள் நின்றால் நல்லது. கடற்கரைக்குப் போய்வந்தால் உப்பு உலர முதல் ஈரத் துணியால் பொடியின் வெளிப்பக்கத்தைத் துடையுங்க. முன்னால் ஒரு யுவி ஃபில்டர் போடலாமா கூடாதா எண்டு உலகம் முழுக்க வாதம் நடக்குது. கல்லடிக் காற்றில் ஒரு மாசம் நின்றவர் வாதம் பண்ண மாட்டார், போட்டுவிடுவார்.

காசுப் பக்கமும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா மட்டில் இருந்தது, இரண்டு மாசத்தில் 360 க்கு வந்தது. கமரா முழுக்க இறக்குமதிச் சாமான். அந்த அடிக்குப் பிறகு புதுசு எண்ட சொல் எங்களுக்கு இல்லை எண்டே வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் பெரிய கதையாகப் போகிற ஃபியூஜி எக்ஸ்100 வகை, ரிக்கோ ஜிஆர் வகை எல்லாம் நான் சொல்லுகிற அதே சிந்தனையின் பணக்காரச் சகோதரங்கள், கழற்ற முடியாத ஒரே லென்ஸோடு வருகிற சின்னக் கமராக்கள். இருந்தால் சந்தோசம். இல்லாவிட்டால் மேலே சொன்ன பழைய சோடி ஒண்டு அதே வேலையைச் செய்யும். தவணைக்கு மட்டும் போகாதீங்க. மாசா மாசம் கட்ட வேண்டிய கமரா உங்களைக் கலியாண வீட்டு வேலைக்குத் தள்ளும், ஆசை அதோடு சரி.

*

இப்போது 70-300.

வலையிறவுப் பாலத்தடியில் பொழுது சாயும்போது வீச்சு வலை எறிகிற ஒரு மாமா இருக்கிறார். வலை வட்டமாக விரிந்து, பின்னால் செம்மஞ்சள், ஆள் கறுப்பு நிழல். மட்டக்களப்பில் கமரா வைத்திருக்கிற எல்லாரிடமும் இந்தப் படம் இருக்கும். என்னிடம் நாற்பது இருந்தது. பாலத்தில் நின்று 300 க்கு இழுத்து எடுத்தது. ஒண்டு எங்கட கண்காட்சிக்கும் போனது, 'உழைப்பு' எண்டு தலைப்பு வேற.

ஒருநாள் டெலி லென்ஸில் ஃபங்கஸ் எண்டு கழுவக் கொடுத்திருந்தேன். கையில் 30 மட்டும். பாலத்தில் இருந்து எடுத்தால் அவர் ஒரு புள்ளி. வேறு வழியில்லாமல் கீழே இறங்கிக் கரைக்குப் போனேன்.

"படம் எடுக்கவா மனே வந்த?"

"ஓம் மாமா. எடுக்கலாமா?"

"மேல நிண்டு எடுக்கிறவங்க ஒருத்தரும் கேக்கிறல்ல. நீ என்ன கேக்கிறா." வலையை மடித்துத் தோளில் போட்டபடி சிரித்தார். "கன பேர் எடுக்கிறாங்க மனே. ஒரு படத்த இன்னும் நான் காணல்ல."

மேலே நின்று எடுத்தவர்களில் நானும் ஒருத்தன் எண்டு சொல்ல வாய் வரவில்லை. நாற்பது படத்திலும் அவருடைய முகம் தெரியாது. பெயரும் எனக்குத் தெரியாது. ஃபேஸ்புக்கில் போட்டபோது 'அருமை தோழர்' எண்டு நூறு பேர் எழுதினார்கள், ஒருத்தரும் ஆள் ஆர் எண்டு கேட்கவில்லை.

டெலி லென்ஸ் கெட்ட சாமான் எண்டு சொல்ல வரவில்லை. ஆனால் அது கேட்காமல் எடுக்கிற வசதியைத் தருகிறது, எங்கட ஊர் அந்த வசதியால் போதுமான அளவு எடுக்கப்பட்டுவிட்டது. சண்டைக் காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் எங்கிருந்தோ வந்தவர்கள் எங்கட சனம் அழுகிறதைத் தூரத்தில் நின்று இழுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கட படத்தைக் கண்டிருப்பார்கள்? இன்னொரு பக்கம் வெலிகமையைப் பாருங்க. 1995 இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த கம்பு மீனவர் படம் உலகம் முழுக்கப் போனது. இப்போது அங்கே கம்பில் ஏறி இருப்பவர்களில் பலர் மீனுக்காக இல்லை, உல்லாசப் பயணிகள் கொடுக்கிற காசுக்காக இருக்கிறார்கள். வலையிறவில் அது இன்னும் வரவில்லை. வரவிடாமல் பண்ணுகிறது எங்கட கையில் கொஞ்சம் இருக்கிறது.

30 மி.மீ. உங்களை இரண்டு மீற்றருக்குள் கொண்டுபோய் விடும். இரண்டு மீற்றரில் ஒரு ஆளைக் கேட்காமல் எடுக்க முடியாது. கேட்டால் 'வேண்டாம்' எண்டு சொல்லவும் அவருக்கு ஒரு இடம் வரும். சொல்லியும் இருக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றா, 'எடுக்காதீங்க தம்பி' எண்டா, நான் கமராவை இறக்கினேன். நல்ல வெளிச்சம் அது. இன்னும் கவலைதான். ஆனால் அவ சொன்னது எனக்குக் கேட்டது, 300 மி.மீ. இல் கேட்டிருக்காது.

விதிவிலக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்ளுகிறேன். கண்டல் காட்டில் கூழைக்கடாவையும் நாரையையும் எடுக்கிறவர்கள் என்னைத் திட்டுவதில் நியாயம் உண்டு. பறவையிடம் அனுமதி கேட்டுக் கிட்டப் போக முடியாது, போனால் பறந்துவிடும், கூடு பாழாகும். அவர்களுக்கு டெலிதான் மரியாதை. கலியாண வீட்டுக்காரருக்கும் இந்தக் கட்டுரை இல்லை. அவர்களுக்கு இரண்டு பொடி வேணும், ஒன்றரைக் கிலோ 70-200 வேணும், மணவறைக்கு முன்னால் இடம் பிடிக்க முழங்கையும் வேணும். மற்ற ஆட்களுக்கு வருசத்தில் இரண்டு நாள் டெலி தேவைப்படும். அதற்கு ஆளுக்கொண்டு வாங்கிப் பத்து வீட்டில் ஃபங்கஸ் வளர்க்கிறதை விட, எங்கட குழுவுக்குச் சேர்த்து ஒண்டு வாங்கி, பெயர் எழுதி எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கலாம். நான் இதை இரண்டு கூட்டத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'ஆர் பொறுப்பு' எண்ட இடத்தில் கதை நிக்குது. நான் பொறுப்பு எடுக்கிறன், எழுத்திலேயே சொல்லிப்போட்டன்.

தம்பிக்குக் கடைசியாக அனுப்பினது இதுதான். பழைய ஏ6000 ஒண்டு, சிக்மா 30. மேலதிக பற்றரி இரண்டு, ஏனெண்டால் அந்தக் கமரா பற்றரியைக் குடிக்கும். ஒரு நல்ல கயிறு, மெமரி கார்ட் இரண்டு. வாங்க முதல் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளுக்கு வலை மாதிரி ஏதும் இருக்கா எண்டு பார், சென்சருக்கு வெள்ளைச் சுவரை எஃப் 16 இல் எடுத்து அழுக்குப் புள்ளி பார். மிஞ்சுகிற காசைச் செலவழிக்காதே. அதில் மாசம் பத்துப் படம் பிரிண்ட் போட்டு, படத்தில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடு. இந்தக் கடைசி விசயத்துக்கு அவன் ஒரு சிரிப்பு ஸ்டிக்கர்தான் போட்டான். பார்ப்போம்.

நான் வலையிறவு மாமாவின்ட படத்தை எட்டுக்குப் பன்னிரண்டில் போட்டு, ஒரு கிழமை கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரையில் நின்று எடுத்தது, முகம் தெரிகிறது, வாயில் வலையின் ஓரத்தைக் கடித்தபடி எறியத் தயாராகிற நேரம், பின்னால் பாலம். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். கன நேரம் பார்த்தார். நான் என்ன சொல்லுவாரோ எண்டு நிண்டேன்.

"வல இதில நல்லா மடியல்ல மனே," எண்டார். "நாளைக்கு வெள்ளாப்பில வா. இறால் வாற நேரம். மடிக்கிறத ஒழுங்கா எடு."